ஒரே பாட்டில் திருந்திவிட்டாரா? குடும்பப் படங்களில் மனமாற்றத்தையும் காலக்கணக்கையும் சோதித்துப் பார்க்கும் முறை

குடும்பப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த அப்பா அவ்வளவு சீக்கிரம் மனசு மாறினது ஒட்டல." எங்கே ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து மேலே போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விமர்சனம் எழுதப் பழகுகிறவராக இருக்கலாம், முதல் திரைக்கதையை வைத்துக்கொண்டு தடுமாறுகிறவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் தேவையான சோதனைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் ஒருவர் மாறுவது அவரோடு முடிகிற விஷயம் இல்லை. அவர் மாறிவிட்டார் என்பதை மனைவி நம்ப வேண்டும், பிள்ளைகள் நம்ப வேண்டும், பத்து வருடமாகப் பேசாத தம்பி நம்ப வேண்டும். மாறுவதற்கு ஆகும் காலத்தைவிட, மற்றவர்கள் அதை நம்புவதற்கு ஆகும் காலம் பெரும்பாலும் நீளமானது. படங்கள் முதலாவதைக் காட்ட மிகவும் மெனக்கெடுகின்றன, இரண்டாவதை அப்படியே விழுங்கிவிடுகின்றன. நமக்கு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழகிப் பார்க்க ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். மகள் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொள்கிறாள். அப்பா அவளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். மகளுக்குக் குழந்தை பிறக்கிறது. அம்மா அவருக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அப்பாவுக்கு மாரடைப்பு. மகள் மருத்துவமனைக்கு ஓடி வருகிறாள். கண் விழித்த அப்பா பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறார். கடைசிக் காட்சியில் எல்லோரும் ஒரே வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதையை வேறு வேறு உருவத்தில் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

முதல் படி: ஒரு முறை சும்மா பாருங்கள்

முதல் தடவை பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். படத்தோடு போங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: எந்த நொடியில் படத்தைவிட்டு வெளியே வந்தீர்கள் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். "இவர் ஏன் இப்போது இப்படிப் பேசுகிறார்?" என்றோ, "இந்தப் பையனுக்கு இப்போது என்ன வயசு?" என்றோ ஒரு கேள்வி எழுந்து, அடுத்த வசனத்தைக் காதில் வாங்காமல் விட்டிருப்பீர்கள். அந்த நொடிதான் உங்கள் ஆராய்ச்சியின் தொடக்கம்.

பெரும்பாலும் கோளாறு அந்த நொடியில் இருக்காது, அதற்கு அரை மணி நேரம் முன்னால் இருக்கும். மருத்துவமனைக் காட்சி ஒட்டவில்லை என்றால், இடைவேளைக்கு முன்பு அப்பாவைப் பற்றி நமக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று சொல்லப்படவில்லை. இதைத் தேடத்தான் இரண்டாம் தடவை பார்ப்பது.

இரண்டாம் படி: தாளில் காலக்கோடு போடுங்கள்

ஒரு நீளமான கோடு. அதில் படம் சொல்லும் வரிசையில் இல்லாமல், நிஜத்தில் நடந்திருக்க வேண்டிய வரிசையில் நிகழ்ச்சிகளைக் குறியுங்கள். ஃபிளாஷ்பேக்கில் வருவதெல்லாம் இடதுபக்கம் போய்விடும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே யாருக்கு என்ன வயது என்று எழுதுங்கள்.

இதில் உங்களுக்கு உதவுவது உடம்புதான். வசனம் "சில நாள் கழித்து" என்று மழுப்பலாம், உடம்பு மழுப்பாது. கர்ப்பகாலம் ஏறத்தாழ 40 வாரம். சாதாரண எலும்பு முறிவு கூடப் பல சமயம் 6 முதல் 8 வாரம் எடுக்கும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். குழந்தைக்குக் கழுத்து நிற்க மூன்று நான்கு மாதம், நடக்க ஏறத்தாழ ஒரு வருடம், முதல் பால்பல் விழ ஆறு வயது வாக்கில். பிரசவ அறையிலிருந்து வெளியே கொண்டுவரும் குழந்தை கழுத்தை நிமிர்த்திக் கேமராவைப் பார்ப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அது மூன்று மாதக் குழந்தை. இதைப் பெரிய குற்றமாக எழுத வேண்டியதில்லை, பச்சைக்குழந்தையைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவராதது நல்லதுதான்.

நம் கற்பனைக் கதையில் கோடு போட்டுப் பாருங்கள். திருமணத்திலிருந்து குழந்தை பிறப்பு வரை குறைந்தது பத்து மாதம். மருத்துவமனையில் பேரன் தாத்தாவின் விரலைப் பிடித்து நடக்கிறான் என்றால் இன்னும் ஒரு வருடம். ஆக அப்பா மகளோடு பேசாமல் இருந்தது கிட்டத்தட்ட இரண்டு வருடம். இப்போது திரும்பிப் போய்ப் பாருங்கள்: அந்த இரண்டு வருடம் படத்தில் எங்கேயாவது தெரிகிறதா? அம்மாவின் முகத்தில் தெரிகிறதா? வீட்டில் மகளின் அறை என்ன ஆயிற்று? அந்த அறை பூட்டிக்கிடக்கிறதா, சாமான் போடும் இடமாகிவிட்டதா, அப்படியே இருக்கிறதா? கணக்கு சரியாக இருந்தும் காலம் கடந்ததாகவே தோன்றாத படங்கள் உண்டு. கணக்கு பிசகியும் காலம் கனமாகத் தெரிகிற படங்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. அதனால் காலக்கோட்டில் ஒரு வருடம் இடிக்கிறது என்று கண்டுபிடித்தவுடன் படம் தோற்றுவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

கணக்குப் பிசகுகளில் கதையைக் குலைப்பவற்றை மட்டும் எடுங்கள். மகனுக்கும் அம்மாவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம்தான் வருகிறது என்றால், அம்மாவின் இளமைக்காலக் கதையே ஆட்டம் காணும். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் மாதம் தவறு என்றால் அதை விட்டுவிடலாம்.

ஏன் இந்தப் பிசகுகள் வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுப்பார்கள். காலையில் மகளைத் துரத்துகிற அப்பா, மதியம் அதே வாசலில் அவளை வரவேற்கிற அப்பாவாக நிற்க வேண்டும். உடை, முடி, மேக்கப், மேசைமேல் இருந்த பொருள் ஆகியவற்றைக் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் குறித்து வைத்திருப்பார். மனநிலையின் படிநிலையை அப்படிக் குறித்து வைப்பது கடினம். அது நடிகரின் தலையிலும் இயக்குநரின் தலையிலும் இருந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: மாறியது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவிடுங்கள். "மாறிவிட்டார்" என்ற ஒரே சொல்லில் நாம் நாலைந்து வேறு வேறு விஷயங்களைப் போட்டு அடைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் வேறு.

தெரியாத ஒன்று தெரிய வருவது முதல் வகை. மகன் பணத்தைத் திருடவில்லை, தங்கையின் சிகிச்சைக்குக் கொடுத்தான் என்பது அப்பாவுக்குத் தெரிகிறது. இதற்கு ஒரு நொடி போதும். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பெரிய மனமாற்றம் என்று கொண்டாடப்படும் பல காட்சிகள் உண்மையில் இந்த வகைதான். அப்பா மாறவே இல்லை, அவருக்குக் கிடைத்த தகவல் மாறியது. நாளைக்கு இன்னொரு தவறான தகவல் கிடைத்தால் பழையபடி கத்துவார். படம் இதை உணர்ந்து எடுத்திருந்தால் ரொம்பச் சரி. தகவல் தெளிந்ததையே குணம் மாறியதாகக் காட்டினால் நமக்கு நெருடும்.

ஒரு முடிவை எடுப்பது இரண்டாவது. "நாளைக்குப் போய் அவளைப் பார்க்கப் போகிறேன்." இது ஓர் இரவில் நடக்கும். ஆனால் அந்த இரவுக்கு முன்னால் பல இரவுகள் அதே முடிவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்க வேண்டும். அந்தத் திரும்பல்களில் ஒன்றையாவது படம் காட்டியதா என்று பாருங்கள்.

பழக்கம் மாறுவது மூன்றாவது. குடி, கோபத்தில் கை ஓங்குவது, வீட்டு வேலை எதையும் தொடாமல் இருப்பது. இதற்கு நாள்கணக்கு வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, சிறிது தூரம் ஓடுவது போன்ற எளிய செயல்கள் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). தண்ணீர் குடிப்பதற்கே இந்தக் கதி என்றால், முப்பது வருடக் கோபத்தை ஒரு பாட்டுக்குள் விட்டுவிட முடியுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இயல்பு மாறுவது நான்காவது. கஞ்சன் வள்ளலாவது, யாரையும் நம்பாதவர் எல்லோரையும் நம்புவது. நிஜத்தில் இது அரிது. ஆனால் சினிமாவில் இதுதான் அதிகம் முயற்சி செய்யப்படுகிறது. இங்கே படம் தப்பிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது: இயல்பை அப்படியே விட்டுவிட்டு, அது வெளிப்படும் விதத்தை மட்டும் மாற்றுவது. அதட்டுகிற அப்பா கடைசியிலும் அதட்டுகிறார், ஆனால் இப்போது "சாப்பிட்டியா இல்லையா?" என்று அதட்டுகிறார். பார்ப்பவர் உடனே நம்பிவிடுவார், ஏனென்றால் ஆள் அதே ஆள்.

அமெரிக்கப் படம் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' 1946-இல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் சாகத் துணிந்த ஒரு மனிதன் அதே இரவில் வாழ ஆசைப்படுகிறான். ஓர் இரவு மாற்றம்தான், ஆனாலும் எத்தனையோ பேர் அதை நம்பினார்கள். காரணம், அந்த இரவு வருவதற்கு முன்பு படத்தின் பெரும்பகுதி அவனுடைய சிறுவயது முதலான வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. அவன் நல்லவனாக மாறவில்லை, முன்பே நல்லவன். தன் வாழ்க்கையை அவன் பார்க்கும் பார்வை மட்டும் புரள்கிறது. மேலே சொன்ன பட்டியலில் அது முதல் வகைக்குப் பக்கத்தில் வரும், அதனால் ஓர் இரவு அதற்குப் போதும். நீங்கள் பார்க்கும் படத்தில் எந்த வகை மாற்றம், அதற்குப் படம் எவ்வளவு காலம் கொடுத்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒட்டாத இடம் பெரும்பாலும் இங்கே பிடிபட்டுவிடும்.

நான்காம் படி: ஜோடிக் காட்சிகளைத் தேடுங்கள்

ஒரே சூழ்நிலை, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மாற்றத்தை வசனம் இல்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1979-இல் வந்த 'கிராமர் வெர்சஸ் கிராமர்' படத்தைப் பாருங்கள். மனைவி வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை, அப்பா தன் சிறு மகனுக்கு முட்டையில் தோய்த்த ரொட்டி செய்து தர முயல்கிறார். எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, ரொட்டி கருகுகிறது, கை சுடுகிறது, கத்துகிறார். படத்தின் முடிவுக்குப் பக்கத்தில் அதே சமையலறை, அதே சிற்றுண்டி. அப்பாவும் மகனும் பேச்சே இல்லாமல் ஆளுக்கு ஒரு வேலையைச் செய்து முடிக்கிறார்கள். இடையில் எத்தனை காலைகள் போயிருக்க வேண்டும் என்பதை அந்தக் கைகளின் பழக்கம் சொல்லிவிடுகிறது. "நான் இப்போது நல்ல அப்பா" என்று அவர் வாயால் சொல்லியிருந்தால் நமக்கு வாதாடத் தோன்றியிருக்கும். அந்தக் கைகளோடு வாதாட முடியாது.

ஜோடிக் காட்சி இருக்கிறதா என்று தேடும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் கதாபாத்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். சபையில் மன்னிப்புக் கேட்பது சபைக்காகவும் இருக்கலாம். தனியாக இருக்கும்போது மகளின் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்டது இல்லை.

ஐந்தாம் படி: எது தள்ளியது?

மாற்றத்துக்கு ஒரு தள்ளல் வேண்டும். மாரடைப்பு, விபத்து, மரணம் ஆகியவைதான் அதிகம் பயன்படும் தள்ளல்கள். அவற்றைப் பயன்படுத்துவது தவறில்லை, வாழ்க்கையிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த விபத்து அவருடைய பிடிவாதத்தோடு தொடர்புடையதா, வானத்திலிருந்து விழுந்ததா? மகளுக்குச் சொல்லாமல் மறைத்ததால்தான் சிகிச்சை தாமதமானது என்றால் விபத்தும் குணமும் கோர்த்துக்கொள்கின்றன. சும்மா ஒரு லாரி வந்து இடித்தால், மாறியது அவரா திரைக்கதையா என்ற சந்தேகம் வரும்.

சேரன் இயக்கிய 'தவமாய் தவமிருந்து' (2005) இதற்கு நல்ல பாடம். அப்பாவின் அருமை மகனுக்குப் புரிவது யாரும் செய்த உபதேசத்தால் இல்லை. வீட்டைவிட்டுப் போய், நகரத்தில் கையில் காசில்லாமல், தானே ஒரு குடும்பத்தைச் சுமக்கும் நிலைக்கு வருகிறான். அப்பா இத்தனை வருடம் என்ன சுமந்தார் என்பது அவனுடைய தோளுக்கே தெரிய வருகிறது. தள்ளலும் புரிதலும் ஒரே பொருளால் ஆனவை. அதோடு, அந்தப் படம் பிள்ளைகளின் சிறுவயதிலிருந்தே தொடங்குவதால், அப்பா பட்ட பாட்டை மகனுக்கு முன்னாலேயே நாம் பார்த்துவிட்டோம். அவன் புரிந்துகொள்ளும்போது நாம் காத்திருந்தவர்களாக இருக்கிறோம்.

ஆறாம் படி: விலை கொடுத்தாரா?

சுருக்கமாகச் சொல்கிறேன். மாறுகிறவர் எதையாவது இழக்க வேண்டும்: பணம், கௌரவம், பழைய நண்பர், தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த பெருமை, ஏதோ ஒன்று. எந்த இழப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறவரின் மாற்றம் மனதில் நிற்காது. நம் கற்பனைக் கதையின் அப்பா என்ன இழந்தார்? பேரனின் முதல் வருடத்தை இழந்தார். ஆனால் படம் அதை அவருக்கோ நமக்கோ சொல்லவே இல்லை. பேரன் தன்னைப் பார்த்து முதலில் மிரண்டு அம்மாவிடம் ஓடினான் என்று ஒரே ஒரு ஷாட் இருந்திருந்தால் கூட அந்த விலை தெரிந்திருக்கும்.

ஏழாம் படி: மற்றவர்கள் எப்போது நம்பினார்கள்?

இரண்டாம் தடவை பார்க்கும்போது மாறுகிற ஆளைவிட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். அப்பா மன்னிப்புக் கேட்கிறார். மகள் அடுத்த நொடியே அழுது கட்டிக்கொள்கிறாளா? இரண்டு வருடம் காயப்பட்டவள் அப்படிச் செய்யலாம், செய்யக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் மருமகன்? அவனை இந்த அப்பா ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை. அவனும் அதே நொடியில் சிரித்துக்கொண்டே நிற்கிறானா? அம்மா இருக்கிறாள். இரண்டு வருடம் கணவனுக்கும் மகளுக்கும் நடுவில் பொய் சொல்லி வாழ்ந்தவள். அவளுடைய கோபம் எங்கே போயிற்று? குடும்பப் படங்களில் மிக அதிகமாக ஏமாற்றப்படுவது இந்த அம்மாக்கள்தான். எல்லோருக்கும் நல்ல முடிவு கிடைத்தால் அவளுக்கும் கிடைத்ததாகப் படம் எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு முக்கிய உறவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இவர் எப்போது நம்பினார், எதைப் பார்த்து நம்பினார்? பதில் "க்ளைமாக்ஸில், வசனத்தைக் கேட்டு" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தால், படம் குடும்பத்தை ஒரு கூட்டமாக நினைத்திருக்கிறது, தனித்தனி மனிதர்களாக நினைக்கவில்லை.

இந்த இடத்தில் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) இன்றைக்கும் தனியாக நிற்கிறது. பணத்தகராறில் வீடு நடுவில் கோடு போட்டுப் பிரிகிறது. முடிவில் பிணக்குகள் தீர்ந்து எல்லோரும் மறுபடி சேரத் தயாராக நிற்கும்போது, அந்தச் சமாதானத்துக்கே பாடுபட்ட மூத்த மருமகள் உமா வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருந்து, அவ்வப்போது வந்து கூடி மகிழலாம் என்பது அவளுடைய முடிவு. மனம் மாறியதையும் படம் ஏற்றுக்கொள்கிறது, நடந்ததை யாரும் மறக்கப் போவதில்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. எல்லோரையும் ஒரே கூரைக்குள் தள்ளி 'சுபம்' போட்டிருந்தால் அன்றைய பார்வையாளர்கள் கைதட்டியிருப்பார்கள், ஆனால் இத்தனை வருடம் கழித்து அந்த முடிவைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

எட்டாம் படி: காலத்தை எதை வைத்துக் கடத்தினார்கள்?

இரண்டரை மணி நேரத்தில் இருபது வருடத்தைச் சொல்ல வேண்டும் என்றால் குறுக்குவழிகள் தேவை. "ஐந்து வருடங்களுக்குப் பிறகு" என்ற எழுத்து, மாண்டாஜ் பாட்டு (துண்டுக் காட்சிகளை அடுக்கிக் காலத்தை ஓட்டுவது), ஓடும் சிறுவன் வளர்ந்த நாயகனாகத் திரும்புவது, யாரோ ஒருவரின் நினைவாகச் சொல்வது. எல்லாமே செல்லும். கேட்க வேண்டியது, அந்தக் குறுக்குவழி எதைத் தாண்டிக் குதித்தது என்பதை. பணம் சேர்ந்ததையும் பையன் படித்து முடித்ததையும் பாட்டுக்குள் சொல்லலாம். கதையின் கேள்வியே "இவர் மகனை மன்னிப்பாரா" என்பதாக இருக்கும்போது, மன்னிப்பைப் பாட்டுக்குள் நடத்திவிட்டால் பார்ப்பவரிடமிருந்து கதையையே பறித்த மாதிரி.

ராதாமோகனின் 'அபியும் நானும்' (2008) நினைவுகூரலை எப்படிப் பயன்படுத்துகிறது என்று கவனியுங்கள். மகளின் வளர்ச்சியை அப்பா இன்னொருவரிடம் உட்கார்ந்து கதையாகச் சொல்கிறார். தன் பழைய பதற்றங்களைச் சிரிப்போடு சொல்லும் நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் "மாறுவாரா?" என்ற கேள்விக்குப் பதிலாக "எப்படி மாறினார்?" என்ற கேள்வியோடு பார்க்கிறோம். வருடங்களைத் தாண்டித் தாண்டிப் போனாலும் நெருடுவதில்லை. நினைவு அப்படித்தான் தாவும்.

காலத்தை நிஜமாகவே காத்திருந்து எடுத்தவரும் உண்டு. ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 'பாய்ஹுட்' படத்தை 2002-இல் தொடங்கி 2013 வரை, அதே நடிகர்களை வைத்து வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்தார். படம் 2014-இல் வந்தது. ஆறு வயதுச் சிறுவன் பதினெட்டு வயது இளைஞனாக நம் கண்முன்னே வளர்கிறான். எத்தனையாவது வருடம் என்று திரையில் எழுத்தே வராது. முடிவெட்டு, குரல், கையில் இருக்கும் கருவி ஆகியவற்றை வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். இதற்கு நேர் எதிராக, 1953-இல் வந்த ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் எழுபதைத் தொடும் தாத்தாவாக வரும் சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயது கூட ஆகவில்லை. உட்காரும் விதம், மெல்லப் பேசும் விதம், பதில் சொல்வதற்கு முன் விடும் இடைவெளி ஆகியவற்றிலேயே அவர் முதுமையைக் கொண்டுவந்துவிட்டார். மேக்கப்பில் நரைமுடியை மட்டும் ஒட்டிவிட்டு இளைஞனைப் போல மாடிப்படி ஏறும் அப்பாக்களைப் பார்க்கும்போது இந்த நடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. இதனால் பிள்ளைகள் பெரிதாகத் திருந்திவிடுவதும் இல்லை. குடும்பப் படம் என்றால் யாராவது மாறியே தீர வேண்டும் என்ற விதி கிடையாது. மாறாமல் இருப்பதும் ஒரு கதைதான், சில சமயம் அதுதான் அதிகம் உண்மையான கதை.

ஒன்பதாம் படி: எந்த அளவுகோல்?

நகைச்சுவைக் குடும்பப் படத்தில் வில்லத்தனமான மாமா கடைசியில் விழுந்து விழுந்து சிரித்துத் திருந்துவது அந்த வகைக்கு ஏற்றது. குழந்தைகளுக்கான மாயக்கதையில் ஒரு மந்திரம் மனதை மாற்றலாம். தொடக்கத்தில் படம் நம்மோடு என்ன ஒப்பந்தம் போட்டது என்று பாருங்கள். யதார்த்தமாகத் தொடங்கி, தண்ணீர்ப்பிரச்சினை, கடன், மருந்துச்சீட்டு என்று எல்லாவற்றையும் நுணுக்கமாகக் காட்டிவிட்டு, முடிவில் மட்டும் மாயக்கதையின் சலுகையைக் கேட்கும் படத்திடம்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். அப்புறம், நம்பும்படி இருக்கிறதா என்பதும் நிஜத்தில் நடக்குமா என்பதும் ஒன்றில்லை. நிஜத்தில் ஒரே நாளில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் படம் அதற்கான மனதை நமக்குக் காட்டாவிட்டால் நாம் நம்ப மாட்டோம்.

பத்தாம் படி: எழுதுவது, திருத்துவது

விமர்சனம் எழுதுகிறீர்கள் என்றால் "நம்பகத்தன்மை இல்லை" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த மாற்றம், அதற்குப் படம் கொடுத்த காலம் எவ்வளவு, யாருடைய நம்பிக்கை விடுபட்டது என்று மூன்றையும் ஒரே பத்தியில் சொல்லுங்கள். நம் கற்பனைக் கதைக்கு இப்படி எழுதலாம்: "இரண்டு வருடம் மகளை ஒதுக்கிய அப்பா, மரண பயத்தில் பேரனை ஏற்றுக்கொள்வது புரிகிறது. ஆனால் மருமகனிடம் அவர் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. அவனும் எதுவும் கேட்கவில்லை. பேரனை ஏற்றுக்கொண்டதை மருமகனையும் ஏற்றுக்கொண்டதாகப் படம் கணக்கு வைத்துவிடுகிறது, அங்கேதான் கடைசிக் காட்சியின் சிரிப்பு பொய்யாகிறது." இதைப் படிக்கிற இயக்குநருக்கும் பயன் உண்டு, பார்வையாளருக்கும் பயன் உண்டு.

திரைக்கதை எழுதுகிறீர்கள் என்றால், இந்தச் சோதனைகளில் உங்கள் கதை தடுமாறும்போது முதலில் தோன்றுவது காலத்தை நீட்டலாம் என்பதுதான். "ஆறு மாதத்துக்குப் பிறகு" என்று ஒரு வரியைச் சேர்ப்பீர்கள். அது பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் அந்த ஆறு மாதத்தைப் பார்ப்பவர் வாழவில்லை. அதற்குப் பதிலாக மாற்றத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்பா மகளையும் மருமகனையும் வீட்டோடு அழைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில், காரை ஓட்டுவது மருமகன் என்று தெரிந்தும் அவர் ஏறி உட்காரட்டும். பின்சீட்டில்தான் உட்காரட்டும். வழியெல்லாம் பேசாமல் வரட்டும். இறங்கும்போது "பார்த்துப் போப்பா" என்று மட்டும் சொல்லட்டும். அந்த "ப்பா"வைக் கேட்டு மருமகன் என்ன செய்கிறான் என்பதில் கேமராவை வையுங்கள். அவன் சட்டென்று சிரிக்க வேண்டாம். கொஞ்சம் யோசித்து, "சரிங்க" என்று மட்டும் சொல்லட்டும்.

ஒன்லைன் (காட்சிவாரியான கதைச்சுருக்கம்) எழுதும்போதே சீன் ஆர்டருக்கு, அதாவது காட்சி வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு காட்சியிலும் யார் யாரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஒரு வார்த்தையில் குறித்து வையுங்கள். படப்பிடிப்பில் காட்சிகள் முன்னும் பின்னுமாக எடுக்கப்படும்போது, நடிகர் "இப்போ நான் இவர்மேல கோபமா இருக்கேனா, பாதி சமாதானமா?" என்று கேட்பார். அந்த நெடுவரிசையைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.